கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

சேலம் அஸ்தம்பட்டியில் தனி வீடு வைத்திருக்கும் ஒருவரிடம் பணத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், "பணம் இருக்குங்க, நிம்மதி எங்க இருக்கு?" என்பார். அதே வீட்டுக்குக் காலையில் டவுன் பஸ்ஸில் வந்து பாத்திரம் துலக்கிப் போகும் பெண்ணிடம் கேட்டால், "கையில நாலு காசு இருந்தா ராத்திரி நிம்மதியாத் தூங்குவேங்க" என்பார். இருவரும் மனதறிந்துதான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. பணம் நிம்மதி தருமா, தராதா?

நம்மிடம் இரண்டுக்கும் பழமொழி தயாராக இருக்கிறது. பணம் பத்தும் செய்யும் என்கிறோம். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்றும் சொல்கிறோம். எந்த நேரத்துக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்கிறோம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியை அளந்து பார்க்கும் வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் செய்த சோதனைகளில் மிக முக்கியமான ஒன்று நடந்தது தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில். அங்கே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஆயிரம் ரூபாயின் கனம்

வீட்டு வேலைக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு நாலு வீட்டுச் சம்பளம் சேர்த்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரின் மாத வருமானம் இரண்டு லட்சம். இருவருக்கும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக்காரருக்கு இருநூறில் ஒரு பங்கு. மளிகைக் கடை பாக்கியை அந்தப் பெண் அன்றே அடைத்துவிடுவார். வீட்டுக்காரருக்கு வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

மனத் திருப்தியை அளக்கும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். பணம் கூட்டல் கணக்கில் மனதை எட்டுவதில்லை, பெருக்கல் கணக்கில் எட்டுகிறது. பத்தாயிரம் இருபதாயிரம் ஆனால் திருப்தி ஒரு படி ஏறுகிறது. இரண்டு லட்சக்காரர் அதே ஒரு படி ஏற வேண்டுமானால் அவருடைய வருமானம் நான்கு லட்சமாக வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பத்தாயிரம் செய்யும் வேலையை வீட்டுக்காரருக்கு இரண்டு லட்சம் செய்கிறது. இதைப் பெருக்கல் விதி என்று அழைப்போம்.

இப்படி ஏறும் ஏணிக்கு உச்சி உண்டா என்பதில் நீண்ட காலம் சண்டை நடந்தது. 2010இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரு நோபல் அறிஞர்கள் அமெரிக்காவில் திரட்டப்பட்ட நான்கரை லட்சம் பதில்களை ஆராய்ந்தார்கள். "என் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்ற ஒட்டுமொத்த மதிப்பீடு வருமானத்தோடு ஏறிக்கொண்டே போனது. நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா என்று கேட்டு அறிந்த அன்றாட மனநிலையோ ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் ஏறவில்லை. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 34 லட்சம் ரூபாய். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற உளவியலாளர், கைப்பேசிச் செயலி வழியாக 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தந்த நேரத்து மனநிலையைக் கேட்டு, அப்படி எந்தத் தடையும் தெரியவில்லை என்றார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எதிரெதிர் முடிவு சொன்ன கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பார்பரா மெல்லர்ஸ் என்ற மூன்றாமவரை நடுவராக வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார்கள். 2023இல் வெளிவந்த முடிவு இது: பெரும்பாலோருக்கு மனநிலை வருமானத்தோடு ஏறிக்கொண்டே போகிறது. மிகவும் வாடிய நிலையில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை. அன்புக்குரியவரைப் பறிகொடுத்த துக்கம், உடைந்த உறவு, மனச்சோர்வு போன்றவற்றைப் பணம் ஓரளவுக்குத்தான் தாங்கிப் பிடிக்கும். வீட்டுக்காரர் "நிம்மதி எங்க இருக்கு?" என்று கேட்டபோது அவர் எதை நினைத்துக் கேட்டாரோ, நமக்குத் தெரியாது.

பழகிப்போவதும் பக்கத்து வீடும்

மேல்படிகளில் பணம் ஏன் சோம்பிவிடுகிறது? ஒரு காரணம் பழக்கம். 1978இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை என்று தெரிந்தது. இந்த ஆய்வு உலகமெங்கும் மேற்கோளாகிவிட்டது. ஆனால் 22 பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வந்திருக்கக் கூடாது. பின்னாளில் சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாட்டரி வெற்றியாளர்களைப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி உண்மையிலேயே கூடி, கூடிய நிலையிலேயே நீடித்திருந்தது. அன்றாடச் சந்தோஷத்தில் ஏற்பட்ட மாற்றம்தான் குறைவு.

இன்னொரு காரணம் பக்கத்து வீடு. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து ஒரு லாட்டரி நடக்கிறது. இதை ஆராய்ந்த காலத்தில், பரிசு விழுந்தால் அந்தத் தெருவில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் ஒரு சீட்டுக்கு 12,500 யூரோ வீதம் கிடைத்தது. ஒருவருக்கு பிஎம்டபிள்யூ கார். ஆய்வாளர்கள் பரிசு பெறாத பக்கத்து வீட்டுக்காரர்களைக் கவனித்தார்கள். அடுத்த சில மாதங்களில் அவர்களும் கார் வாங்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அவர்கள் வருமானத்தில் ஒரு காசும் ஏறவில்லை. அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ எதிர்வீட்டில் மாடி எழுந்தவுடன் நம் வீட்டுச் சுவர் பழசாகத் தெரிவதும் இதே சங்கதிதான்.

இவை சுவையான செய்திகள். ஆனால் பணத்தையும் மனதையும் பற்றிய உண்மையான விஷயம் மேல்படிகளில் இல்லை, கீழ்ப்படிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டு வேலைக்கு வரும் பெண் தூக்கத்தைப் பற்றிப் பேசினார். அதைத்தான் நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கரும்புத் தோட்டத்தில் ஒரு சோதனை

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் கேட்ட கேள்வி எளியது. பணமில்லாத நிலை மனிதனின் சிந்திக்கும் திறனையே குறைக்கிறதா?

இதைச் சோதிப்பது கடினம். ஏழையையும் பணக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் புதிர் கொடுத்தால், பள்ளிப்படிப்பு, சத்துணவு, வளர்ந்த சூழல் எல்லாம் குறுக்கே வரும். ஒரே மனிதர் சில மாதம் பணமில்லாமலும் சில மாதம் பணத்தோடும் இருந்தால், அவரையே அவரோடு ஒப்பிடலாம். அப்படிப்பட்ட மனிதர் யார்?

கரும்பு விவசாயி. மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருமானத்தில் பெரும்பகுதி வெட்டு முடிந்தபின் ஒரே தடவையில் வரும். செலவோ பன்னிரண்டு மாதமும் நடக்கும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும், கைமாத்து வாங்கிக் கைமாத்து அடைப்பது நடக்கும். பணம் வந்தபின் நகை வீடு திரும்பும்.

ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை வெட்டுக்கு முன் ஒரு தடவையும் வெட்டுக்குப் பின் ஒரு தடவையும் சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 பேராகக் குறைந்தது. ஒரே மனிதர், ஒரே வீடு, ஒரே நிலம். மாறியது பண நெருக்கடி மட்டும்.

அவர்களுக்கு இரண்டு சோதனைகள் வைத்தார்கள். முதலாவது ஒரு படப் புதிர். வரிசையாக வடிவங்கள் இருக்கும், ஓர் இடம் காலியாக இருக்கும், அங்கே எந்த வடிவம் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது கவனச் சோதனை. "5 5 5" என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். சரியான பதில் மூன்று. ஆனால் நாக்கு ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கிச் சரியாகச் சொல்வதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும்.

படப் புதிரில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக வந்தன. வெட்டுக்குப் பின் 5.45. அதாவது அதே விவசாயி ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகப் புதிர்களை விடுவித்தார். கவனச் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது. பின்பு 131 விநாடி போதுமாக இருந்தது, தவறுகளும் குறைந்தன. கையில் பணமில்லாத மாதங்களில் மூளைக்கு நேர்ந்த இழப்பு, ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தால் ஏற்படும் இழப்போடு ஒப்பிடத்தக்கது என்று அவர்கள் எழுதினார்கள். கட்டுரை 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

வாசகர் மனதில் இப்போது எதிர்க்கேள்விகள் எழுந்திருக்கும். இரண்டாம் தடவை செய்ததால் பழகியிருப்பார்கள் அல்லவா? அதற்காகவே சிலரை வெட்டுக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். வெட்டுக்கு முன் அரைவயிறாக இருந்திருப்பார்களோ? உணவுச் செலவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பருவநிலை காரணமாக இருக்குமோ? அங்கேதான் கட்டிங் ஆர்டர் கைகொடுத்தது. ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தருவதில்லை. அரவைக்குத் தக்கபடி சில மாதங்களுக்குப் பிரித்துத் தருகிறது. எனவே அதே வாரத்தில், அதே வெயிலில், ஒருவர் பணம் வாங்கியவராகவும் அவர் பக்கத்துத் தோட்டக்காரர் காத்திருப்பவராகவும் இருந்தார்கள். ஆலை தன் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அறிவியலுக்கு ஒரு நல்ல சோதனைச் சாலையாக அமைந்துவிட்டது.

மனவெளி

இந்த ஆய்வாளர்கள் இதற்குத் தரும் விளக்கத்தைத் தமிழில் மனவெளி என்ற சொல்லால் குறிக்கலாம். யோசிக்க, திட்டமிட, பொறுத்துக்கொள்ள, கவனிக்க மனதுக்கு ஓர் அளவு இடம் இருக்கிறது. அந்த இடத்தை ஒரு கவலை பிடித்துக்கொண்டால் மீதி வேலைக்கு இடம் சுருங்கிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு நடக்கும், ஆனால் மனதின் ஒரு பாதி அடுப்படியிலேயே இருக்கும். பணமுடை உள்ளவருக்கு நாள் முழுக்க எங்கோ ஓர் அடுப்பில் பால் இருந்துகொண்டே இருக்கிறது.

குழு லோன் தவணைக்கு இன்னும் எத்தனை நாள். அடகு நகைக்கு வட்டி கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் வருமா. பள்ளியில் கட்டணம் கேட்டுப் பிள்ளையை நிறுத்தி வைப்பார்களா. இந்தக் கணக்குகள் பஸ்ஸில், வேலையில், சாப்பாட்டில், படுக்கையில் ஓடிக்கொண்டே இருக்கும். "இந்த மாசத்த ஓட்டிட்டாப் போதும்" என்று ஒருவர் சொல்வது சோம்பேறித்தனத்தாலோ தொலைநோக்கு இல்லாததாலோ அல்ல. அடுத்த ஆண்டை யோசிக்க வேண்டிய இடத்தை இந்த மாதம் நிரப்பிவிட்டது.

திருக்குறளில் நல்குரவு என்று வறுமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. நெருப்பின் நடுவே உறங்குவதுகூட முடியலாம், வறுமையில் கண்ணை மூட முடியாது என்ற கருத்து அதில் வருகிறது. கரும்புத் தோட்ட ஆய்வு ஓர் இரவுத் தூக்கத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டதை அதோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதே குழு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடம் வேறொரு சோதனை செய்தது. "உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?" என்று யோசிக்கச் சொல்லிவிட்டுப் புதிர் கொடுத்தார்கள். வசதியானவர்களும் வசதி குறைந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்தார்கள். 150ஐ 1,500 ஆக்கியதும் வசதியானவர்களிடம் மாற்றமில்லை, வசதி குறைந்தவர்களின் மதிப்பெண் சரிந்தது. அறிவில் குறைந்தவர்கள் என்றால் முதல் கேள்வியிலேயே சரிந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

இந்த முடிவுகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பணமுடையின் உளவியல் பற்றிய 20 ஆய்வுகளை வேறொரு குழு திரும்பச் செய்து 2021இல் வெளியிட்டது. அவற்றில் பலவற்றுக்கு அதே முடிவு வரவில்லை. அமெரிக்காவில் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்த இன்னொரு ஆய்விலும் சிந்தனைத் திறனில் வேறுபாடு தெரியவில்லை.

என் தீர்ப்பு இது. சில நிமிடம் கற்பனையாக ஒரு கவலையை ஊட்டிவிட்டு மனதை அளக்கும் சோதனைகளை நான் பெரிதாக நம்பவில்லை. மாதச் சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் கடனில் காத்திருந்து ஒரே நாளில் கடன் தீர்வது வேறு விஷயம். உண்மையான பணம், உண்மையான மனிதர்கள், உண்மையான வேலை மூன்றும் சேர்ந்த சோதனை வேண்டும். அதுவும் நடந்தது.

கூலி அதே, தேதி வேறு

ஒடிசாவின் கிராமங்களில், விவசாய வேலை கிடைக்காத மாதங்களில், 408 தொழிலாளர்களைத் தையல் இலை தைக்கும் வேலைக்கு அமர்த்தினார்கள். உணவகங்களுக்குப் போகும் இலைத் தட்டுகள். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஆய்வாளர்களில் செந்தில் முல்லைநாதனும் ஒருவர். சுப்ரீத் கவுர், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் மற்ற மூவர்.

சோதனை இவ்வளவுதான்: குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு, சேர்ந்திருந்த கூலியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒப்பந்தம் முடியும்போது கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் ஒரு ரூபாய் கூடவில்லை. அடுத்த தட்டுக்கு உரிய கூலியும் அதேதான். முன்னதாகப் பணம் வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அதற்கு அடுத்த நாட்களில் அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை சுமார் 7 விழுக்காடு கூடியது. மிகவும் ஏழ்மையில் இருந்தவர்களிடம் அதைவிடக் கூடுதல். தையலில் கவனப் பிழைகளும் குறைந்தன. அவசரப்பட்டு வேகமாகத் தைத்திருந்தால் பிழை கூடியிருக்க வேண்டும். கை வேகம் கூடிப் பிழையும் குறைகிறது என்றால் மனம் அந்த இலையில் இருக்கிறது என்று பொருள்.

சேலத்துச் சிவதாபுரத்திலும் கொண்டலாம்பட்டியிலும் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோப்பவர்களுக்கும், அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கும் இது அந்நியமான செய்தி அல்ல. அவர்களுடையதும் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும், கவனத்தை நம்பிய வேலை.

தேதி தெரிந்த பணம்

இனி அந்த இரண்டு பதில்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்காரரின் மனவெளியில் பணக் கவலை ஏற்கெனவே இடத்தைக் காலி செய்துவிட்டது. மேலும் பணம் வந்தால் விடுவிக்க அங்கே பெரிதாக ஒன்றும் மீதமில்லை. வீட்டு வேலை செய்பவருக்குப் பணம் முதலில் தருவது சந்தோஷம் அல்ல, இடம். பிள்ளை சொல்வதைக் காதில் வாங்க, உடம்பு வலியைக் கவனித்து ஆஸ்பத்திரிக்குப் போக, தூங்க. சந்தோஷம் அதற்குப் பின்னால் வருகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தொகை எவ்வளவு என்பதோடு, எப்போது வரும் என்பதும் மனதுக்கு முக்கியம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாகத் தொடங்கியது. ஆயிரம் ரூபாய் சிறிய தொகை என்று வாதாடுபவர்கள் பெருக்கல் விதியை மறந்துவிடுகிறார்கள். அது குறித்த தேதியில் பெண்ணின் பெயரிலுள்ள கணக்குக்கே போகிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்ற தினசரிக் கணக்கு ஒன்று தலையிலிருந்து இறங்கியதை அந்த எண் சொல்லாது, ஆனால் அதுவும் ஒரு வரவுதான்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பட்டறையிலோ ஒருவர் வேலை செய்கிறார் என்றால், சம்பளத்துக்கு ஒரு தேதி வைத்து அந்தத் தேதியிலேயே கொடுங்கள். ஐந்தாம் தேதி தரலாம், எட்டாம் தேதி தரலாம் என்று இழுத்தால் உங்களுக்கு மூன்று நாள் வட்டிகூட மிச்சமாகாது. அவருக்கோ மூன்று இரவுத் தூக்கம் போகும்.

கரும்புக்கு இப்படி ஒரு கெடு சட்டத்திலேயே இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை வாங்கிய ஆலை 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்தக் கெடுவை ஆலைகள் காப்பாற்றியாக வேண்டும். கொலுசுப் பட்டறைக்கும் வீட்டு வேலைக்கும் அதுபோல ஒரு கெடு வேண்டும்.